கோப்பை உபயம்

எங்கள் கான்சாபுரம் பக்கம் ஆண்கள் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் அடித்தால் ஆட்டக்காரர்களின் பெயரைவிட உபயதாரர்களின் பெயர்தான் அதிகம் இருக்கும். முதல் பரிசு ஒருவர், இரண்டாம் பரிசு ஒருவர், கோப்பை உபயம் ஒருவர், மைக்செட் ஒருவர், மின்னொளி ஒருவர், வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு ஒருவர். தென்னந்தோப்புக்காரர், உரக்கடைக்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், துபாயிலிருந்து பணம் அனுப்பும் மாப்பிள்ளை என்று எல்லோரும் இருப்பார்கள். இதனால் எனக்கென்ன லாபம் என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை. எத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்றும் கேட்டதில்லை. ஊர்ப் பையன்கள் ஆடுகிறார்கள், கொடுக்கிறோம். மொய் எழுதுவது மாதிரி.

பெண்களுக்குக் கபடி லீக் நடத்த நாங்கள் ஏழு பேர் ரசீதுப் புத்தகத்தோடு போனபோது கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணமானவர்களும் ஆடுகிறார்களா? என்ன உடுப்பு? ராத்திரியிலா? ஜெயித்தால் போலீஸ் வேலை கிடைக்குமா? கணக்கு யார் பார்க்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பதினோரு பேர் கேட்டார்கள். பையன்களின் போட்டிக்கு வரவு செலவு கேட்டு யாரும் அவர்களை உட்காரவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. போட்டி முடிந்த ராத்திரி மிச்சப் பணம் எந்தக் கடையில் தீர்ந்தது என்பது ஊருக்கே தெரியும், ஊர் சிரித்துக்கொள்ளும்.

கணக்கில் எங்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. சொல்லிவிடுகிறேன். எட்டு அணிகள், அணிக்குப் பன்னிரண்டு பேர். கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள், ராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்பவர்கள், வத்திராயிருப்பிலும் கூமாபட்டியிலும் பள்ளிப் படிப்போடு நின்றுபோனவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒரு முறை ஆட வேண்டும். மொத்தம் 28 ஆட்டம், ஏழு ஞாயிற்றுக்கிழமை. தோற்றால் வெளியே என்று ஒரே நாளில் முடித்திருந்தால் செலவு கால்வாசிதான் ஆகியிருக்கும். அப்படித்தான் நடத்துங்கள் என்று எல்லா ஆண்களும் சொன்னார்கள். வீட்டில் ஒரு வாரம் மன்றாடி, சோறாக்கி வைத்துவிட்டு, பிள்ளையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறவள் அரைமணி நேரத்தில் தோற்று பஸ் ஏறிவிட வேண்டும் என்றால் அவள் மறுபடி எதற்கு வர வேண்டும்? தோற்றவளும் அடுத்த ஞாயிறு வர வேண்டும். அவளுக்காகத்தான் லீக்.

முதல் வருஷம் பரிசுக்கு ஆனது 6,000 ரூபாய். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது 58,000. ஆண்கள் நோட்டீஸில் தலைகீழாக இருக்கும், முதல் பரிசே அரை லட்சம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பையனுக்குப் பைக் இருக்கிறது, அல்லது சிநேகிதனிடம் இருக்கிறது. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது எங்களுக்கு எந்த உபயதாரரும் செய்யாத உபகாரம். போகும்போது அதில் போய்விடலாம். இருட்டிய பிறகு எல்லா ஊருக்கும் டவுன் பஸ் இல்லை. வேன் பிடித்து ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால்தான் அடுத்த வாரம் அனுப்புவார்கள். வேன் வாடகைக்கு உபயம் செய்ய ஆள் கிடைக்காது. கோப்பையில் பெயர் பொறிக்கலாம், வேனில் எங்கே பொறிப்பது?

மைதானத்தைத் தேர்ந்தெடுத்ததும் மண்ணைப் பார்த்து இல்லை. எங்கே கழிப்பறை இருக்கிறதோ அங்கே ஆடினோம். நல்ல செம்மண் களம் ஒன்று கண்மாய்க்கரை ஓரம் இருந்தது, விட்டுவிட்டோம். பள்ளிக்கூட மைதானத்தில் கழிப்பறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாவி கிடைக்காது. ஒரு சாவிக்காக நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கனம் வரும்.

பெண் ஆடினால் உடனே கணக்குக் கேட்பது நம் ஊரின் கண்டுபிடிப்பு இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் நகரில் வெடிகுண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்து அணி ஒன்றை நடத்தினார்கள். டிக் கெர் என்பது ஆலையின் பெயர், அணிக்கும் அதுவே. காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் பணம் திரட்டி ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தன் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஒரு காரணம், கால்பந்து பெண்ணுடலுக்கு ஒத்துவராது என்பது. இன்னொரு காரணம்தான் என்னைக் கவர்ந்தது: வசூலில் அதிகப் பங்கு செலவுக்குப் போகிறதாம், தர்மத்துக்குப் போதுமானது போகவில்லையாம். ரயில் கட்டணமும் சாப்பாடும் ஒரு நாள் கூலியும் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அந்தக் குற்றம். தடை நீங்க 1971 ஆனது. கூட்டம் வராது, அதனால் காசு இல்லை என்று இன்று நம்மிடம் சொல்கிறவர்கள் அந்த 53,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

இங்கே பாருங்கள். புரோ கபடி 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. 2016இல் அதே ஏற்பாட்டாளர்கள் பெண்களுக்கும் ஒன்று நடத்தினார்கள். மூன்றே அணிகள். ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் டிவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ் என்று பெயர். எந்த ஊரின் பெயரும் அதில் இல்லை. ஆண்கள் அணிக்குத் தமிழும் பாட்னாவும் ஜெய்ப்பூரும் உண்டு, பெண்கள் அணிக்கு நெருப்பும் பனியும் புயலும். ஊரில்லாத அணிக்கு எந்த ஊர் கைதட்டும்? இறுதிப் போட்டியில் ஸ்டார்ம் குவீன்ஸ் 24-23 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது. அதைவிட நல்ல ஆட்டத்தை எந்தத் தொலைக்காட்சி கேட்கும்? அத்தோடு சரி, அடுத்த வருஷம் நடக்கவில்லை.

கால்பந்தில் ஆண்களுக்கு ஐ.எஸ்.எல். 2014இல் வந்தது. இந்திய மகளிர் லீக் 2017 ஜனவரியில் ஆறு அணிகளோடு கட்டாக் நகரில் தொடங்கி மூன்று வாரத்துக்குள் முடிந்தது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக மாறிமாறி ஆடும் உண்மையான லீக் ஆக அது 2023 ஆனது. இதற்கிடையில் நம் மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடித்து அந்தக் கோப்பையை வாங்கிவந்தது. என் வகுப்பில் ஐம்பது மாணவிகளிடம் கேட்டேன், மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்று பேரும் ஆடுகிறவர்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியது. நம் கால்பந்துச் சம்மேளன நிர்வாகச் சண்டையால் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆடாமலே திரும்பினார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் தடை நீங்கிவிட்டது. போன போட்டி போனதுதான். நாற்காலிக்கு அடித்துக்கொண்டவர்கள் ஆண்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் இந்தப் பெண்கள்.

ஜெயித்தால் பணம் வருகிறதே என்பார்கள். வருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார், தமிழக அரசு 25 லட்சம் கொடுத்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், கண் நிறைந்து பார்த்தேன். ஆனால் அந்தப் பணம் தங்கத்துக்குப் பிறகு வருவது. தங்கத்துக்கு முன்னால் பத்து வருஷம் பஸ்ஸும் முட்டையும் ஷூவும் யார் கணக்கு? தங்கம் வாங்கவே போகாத, முப்பத்திரண்டு வயதில் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு மூச்சுப்பிடித்துக் கோட்டைத் தொட ஆசைப்படுகிற தறிக்காரிக்கு எந்தத் திட்டத்தில் இடம்? ஜெயித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு எங்கள் பதில், கிடைக்காது. அரசு வேலையில் மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு, எங்கள் சான்றிதழ் அதற்குச் செல்லாது. பையன்கள் சும்மா ஆடுகிறார்களே, அந்தச் சும்மாவைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேளுங்கள் என்று படித்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள். கேட்டோம். 2013ஆம் வருஷ கம்பெனிகள் சட்டப்படி பெரிய லாபம் பார்க்கும் கம்பெனி இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டும், கிராமப்புற விளையாட்டுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. பயிற்சி உண்டு, ஒரு நாள் விழாவாகப் போட்டி நடத்துவது அதில் சேராது. பணம் வாங்க முதலில் சங்கமாகப் பதிய வேண்டும், ஏழு பேர் வேண்டும். பிறகு வருமான வரித்துறையில் பதிவு, பிறகு கம்பெனி விவகார அமைச்சகத்தில் இன்னொரு படிவம், வருஷா வருஷம் தணிக்கை. எங்கள் ஏழு பேரில் இருவர் ஆசிரியைகள், ஒருவர் சத்துணவு அமைப்பாளர், நால்வர் கூலி வேலை. எந்த ராத்திரியில் இதைச் செய்வது? லீக் நடத்துவது என்பதே வீட்டு வேலையின் நீட்சியாகிவிடுகிறது, அதிலும் சம்பளமில்லாமல் சமைப்பது நாம்தான்.

கடைசியில் ஒரு ஆலை முதலாளி முன்வந்தார். பழைய ரப்பர் விரிப்பு வாங்க 75,000 தருவதாகச் சொன்னார். பெண்கள் களம் பன்னிரண்டுக்கு எட்டு மீட்டர், ஆண்களுடையது பதின்மூன்றுக்குப் பத்து. (இந்தச் சலுகையை யார் கேட்டார்கள் என்று தனிக் கட்டுரை எழுத வேண்டும்.) எங்களிடம் மண்தான் இருந்தது, முட்டியில் தோல் உரிந்துகொண்டே இருந்தது. பதிலுக்கு அவர் கேட்டது நாலு பக்கமும் பேனர், நோட்டீஸில் முதலில் பெயர். எங்கள் அணிகளிலேயே நல்ல ரைடர் அவர் ஆலையில்தான் வேலை பார்த்தாள். ஞாயிற்று ஷிப்ட்டை மாற்றித் தரச்சொல்லி மூன்று முறை மேஸ்திரியிடம் கேட்டு, மூன்று முறையும் திட்டு வாங்கியிருந்தாள். நான் அந்தப் பணம் வேண்டாம் என்றேன். உழைப்புச் சுரண்டல், பெண்ணியம், எல்லாம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. பேனர எங்க வேணாலும் கட்டிக்கிடட்டும். நீங்க காச வாங்குங்க."

வாங்கினேன். ஷிப்ட் விஷயத்தையும் பேசினேன், பார்க்கலாம் என்றார். இறுதி ஆட்டத்தன்று அவர் கொடுத்த விரிப்பில், அவர் பேனருக்கு நடுவே, அவர் வீட்டம்மா கையால் கோப்பை கொடுத்தோம். அவள் வரவில்லை, பகல் ஷிப்ட். அந்த அணி இரண்டு புள்ளியில் தோற்றது. பணம் வாங்கியது தப்பா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. மேடையில் நான் நன்றியுரை வாசித்தது தப்பு. விடுப்பு கிடைக்காத ஒருத்தி இருக்கிறாள் என்று மைக்கில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷப் பணத்தை நினைத்து விழுங்கிவிட்டேன். மாணவிகளுக்குத் துணிச்சலைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான்.

நான் தமிழ் படித்தவள், அதனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சங்க அகப்பாட்டில் ஓரையாடியும் பந்தடித்தும் திரிந்த பெண்ணை, உடல் வளர்ந்ததும் வீட்டுக்குள் நிறுத்துவதற்கு இற்செறிப்பு என்று ஒரு துறையே இருக்கிறது. நாம் அதை அழகியலாகக் கற்பிக்கிறோம். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குரிய பருவங்களில் ஒன்று சிற்றில் சிதைத்தல், பெண்கள் மணலில் கட்டிய சிறுவீட்டை அவன் காலால் அழிப்பது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஆண்டாளும் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், எங்கள் வீட்டை அழிக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சும் பெண்களின் குரலில் பேசுகிறாள். பக்தர்களுக்கு அது லீலை. முதல் வருஷம் நாங்கள் தண்ணீர் தெளித்து, மண் கெட்டித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்த களத்தில் மறுநாள் காலை பைக் வட்டமடித்த தடம் இருந்தது. மூன்று ஞாயிறு அப்படி. சின்னப் பசங்க விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்றார்கள் பெரியவர்கள். அன்றிலிருந்து அந்தப் பதிகத்தை வகுப்பில் என்னால் பழைய குரலில் நடத்த முடியவில்லை.

ஆகவே உபயதாரர்களின் வாசலில் நிற்பதை நான் குறைத்துக்கொண்டேன். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறார்கள். அதைக் கட்டுவது பாதி வீடுகளில் பெண் சம்பளம், பூக்கட்டிய காசு, தறிக்கூலி, சீட்டுப் பணம். அந்த வரியிலிருந்துதான் பையன்கள் போட்டிக்கு ஒரு தொகை போகிறது. போன வருஷம் பங்குனியில் நாங்கள் ஊர்க்கூட்டத்துக்குப் போய் அந்தத் தொகையில் பாதியைக் கேட்டோம். உபயமாகக் கேட்கவில்லை, கட்டிய வரியில் பங்காகக் கேட்டோம். கூட்டத்துக்குப் பெண்கள் வரும் வழக்கம் இல்லை என்றார் ஒருவர். வந்துவிட்டோமே என்றார் எங்கள் சத்துணவு அமைப்பாளர். பாதி கிடைக்கவில்லை. 10,000 தருவதாக ஒத்துக்கொண்டு, எப்போதும் போல, கணக்கு யார் பார்ப்பது என்று கேட்டார்கள். நீங்கள் பையன்கள் கணக்கைக் காட்டுங்கள், அதே நோட்டில் எங்களுடையதையும் எழுதித் தருகிறோம் என்றோம். அந்த நோட்டு இன்னும் வரவில்லை, பணமும் வரவில்லை. அடுத்த கூட்டம் சித்திரையில். இந்தமுறை தறிக்காரப் பெண்கள் இருபது பேர் வருகிறார்கள்.

நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. முதல் பரிசு இடம் காலியாக இருக்கிறது. வேன் வாடகை உபயம் என்ற இடத்தில் கூமாபட்டியில் இட்லி விற்கும் ஒரு அம்மாவின் பெயர், 500 ரூபாய். பெயருக்கு முன்னால் வீட்டுக்காரர் பெயரைப் போடவா என்று அச்சகத்துப் பையன் போன் பண்ணிக் கேட்டான். அந்த அம்மாவிடமே கேட்டுச் சொன்னேன், வேண்டாமாம்.