எங்கள் ஊர்ச் செய்தியை யார் எழுதுவது?



கிராமங்களுக்குச் செல்லும்போது பெண்கள் என்னிடம் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. எங்கட ஊரைப் பற்றிப் பேப்பரில ஒன்றும் வாறதில்லை என்பதே அது. கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைகளில் அமைச்சர்களின் பேச்சுக்கு இடமுண்டு. வற்றிய கிணற்றுக்கும் வராத பேருந்துக்கும் இடம் குறைவு. ஆகவேதான், ஊரோடு வாழ்ந்து எழுதும் பிரதேசப் பத்திரிகைகளும் செய்தியாளர்களும் எமக்குத் தேவை.

கேப்பாப்பிலவை நினைத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 இல் பிலக்குடியிருப்புப் பெண்கள் தமது காணிகளைக் கேட்டு விமானப்படை முகாமின் முன்னால் பிள்ளைகளோடு அமர்ந்தனர். முல்லைத்தீவுச் செய்தியாளர்கள் அதனைத் தொடர்ந்து எழுதினர். மார்ச் 1 இல் அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. காணியை மீட்டது அப்பெண்களின் உறுதிதான். அவர்கள் பனியிலும் வெயிலிலும் வீதியில் இருப்பதை நாடு மறந்துவிடாமற் செய்தவை அச்செய்திகள்.

இது இலகுவான பணியல்ல. 2013 ஏப்ரலில் உதயன் பத்திரிகையின் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டுப் பணியாளர்கள் காயமடைந்தனர். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தல் பற்றிச் செய்தி சேகரித்த இரு செய்தியாளர்கள் தாக்கப்பட்டனர். எழுதியவர் மறுநாளும் அதே வீதியால்தான் போகவேண்டும்.

எழுதுவது படித்த ஆண்களின் வேலை என்று எண்ணவேண்டாம். இந்தியாவில், உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட் மாவட்டத்தில், 2002 இல் கிராமப் பெண்கள் 'கபர் லகரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினர். அவர்களிற் பெரும்பாலானோர் தலித் பெண்கள். தாம் பேசும் புந்தேலி மொழியிலேயே, உடைந்த வீதி பற்றியும் பெண்கள் மீதான வன்முறை பற்றியும் எழுதினர். 2009 இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இன்று கைத்தொலைபேசியில் படம்பிடித்துச் செய்தி தருகின்றனர்.

நாங்கள் என்ன செய்யலாம்? மாதர் சங்கக் கூட்டத்தில் பத்திரிகையை உரத்து வாசியுங்கள். செய்தியாளரைச் சந்தித்தால் திகதி, இடம், கொடுத்த கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் காட்டுங்கள். பெயர் வெளிவரக்கூடாதென்றால் பேசத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். வெளிவந்த செய்தியை வெட்டிக் கோப்பில் வையுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அது உதவும்.

ஒன்றை மறக்கவேண்டாம். எங்கள் சங்கத்தின் கணக்கில் பிழையிருந்தால் அதையும் எழுதுகின்ற பத்திரிகைதான் சுதந்திரமான பத்திரிகை. அப்படி எழுதும்போது கோபிக்காதிருப்போம். அந்தப் பத்திரிகை சொன்னால்தான் எங்கள் கிணற்றின் கதையையும் பிறர் நம்புவர்.