குறைந்துவிட்டதாம்!

வடகிழக்கு மக்கள்மீதான இனவெறி வெகுவாகக் குறைந்துவிட்டதாகத் தில்லிக் கருத்தரங்கு ஒன்றில் பேராசிரியர் ஒருவர் தீர்ப்பு வழங்கினார். சான்று? தெருவுக்குத் தெரு மோமோ கடை! உண்பவர் சமைத்தவரை மதிக்கிறார் என்பது எந்த ஆய்வுமுறையில் கண்ட முடிவோ?

குறைந்தது என்று சொல்வதற்கு முதலில் எண்ணியிருக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் இக்குற்றத்துக்குத் தனித் தலைப்பே கிடையாது. 2014இல் லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். தகராறு தொடங்கியது அவருடைய தலைமுடியைக் கேலி செய்ததில். அவ்வாண்டே பெஸ்பருவா குழு, இன இழிசொல்லையும் வன்முறையையும் தண்டிக்க 153சி, 509ஏ என இரு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. பத்தாண்டு கழித்து, 2024 ஜூலையில், தண்டனைச் சட்டமே மாறியது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்பிரிவுகளுக்கு இடமில்லை. தில்லிக் காவல்துறையில் தனிப்பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் வந்தன, மறுக்கவில்லை. ஆயினும் 2020 மார்ச்சில், கொரோனாவின் பெயரால் இம்மக்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்குமாறு உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது.

என் விடுதித் தோழி மணிப்பூர்க்காரர். சென்ற மாதம் அவருக்காக வீடு பார்க்கப் போனோம். தொலைபேசியில் "உடனே வாருங்கள்" என்ற உரிமையாளர், முகத்தைக் கண்டதும் "நேற்றே கொடுத்துவிட்டேன்" என்றார். (என்னை 'மதராசி' என்று அழைத்தவர்கள்கூட எனக்கு வீடு தந்திருக்கிறார்கள்.) புகார் கொடுக்கலாமே என்றேன். "எந்தப் பிரிவில்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முகவரியைத் தேடத் தொடங்கினார்.