சம்பளம் கிடையாது... சீருடை உண்டு!

அமெரிக்காவில் படகுத்துறைப் பக்கம் போனால், கடலோரக் காவல்படை சீருடையில் ஒருவர் அடுத்தவர் படகில் ஏறி லைஃப் ஜாக்கெட்டை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சீருடையில் தங்க நிறத்துக்குப் பதில் வெள்ளி நிறப் பட்டை இருக்கிறதா? அவர் காவல்படை ஆள் இல்லை. ரிட்டயர்டு வாத்தியாராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருக்கலாம். பத்துப் பைசா சம்பளம் கிடையாது.

‘கோஸ்ட் கார்டு ஆக்ஸிலியரி’ என்பது இவர்கள் அமைப்பின் பெயர். 1939-ல் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையில் எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக மூழ்கடிக்க, காவலுக்குக் கப்பல் போதவில்லை. பணக்காரர்களின் பாய்மரப் படகுகளோடு இவர்களும் ரோந்து கிளம்பினார்கள். இன்ஜின் சத்தம் இல்லாததால் நீர்மூழ்கியின் காதில் விழாது என்பது கணக்கு. ஜனங்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஹூலிகன் நேவி’. அதாவது, போக்கிரிக் கடற்படை!

இன்றும் சொந்தப் படகில், சிலர் சொந்த விமானத்திலேயே, ரோந்து போகிறார்கள். உத்தரவின் பேரில் போனால் எரிபொருள் செலவு கிடைக்கும். ரேடியோ கேட்பது, மொழிபெயர்ப்பது, காவல்படையின் சமையலறையில் கரண்டி பிடிப்பதுகூட உண்டு. கைது செய்யும் அதிகாரம் மட்டும் இல்லை.

அந்த அதிகாரம் இல்லாததே ஒரு வசதிதான். படகுக்காரர் தாமாகக் கூப்பிட்டால்தான் இலவசப் பரிசோதனைக்கு வருவார்கள். தீயணைப்பான், ஹாரன், ஆபத்தில் கொளுத்தும் வெளிச்சக் குச்சி என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்தக் குச்சிக்குத் தயாரித்த நாளிலிருந்து 42 மாதம்தான் ஆயுள். பலருக்கு அது காலாவதியானதே தெரியாது. எல்லாம் சரியென்றால் ஸ்டிக்கர். குறை இருந்தால் அபராதமும் இல்லை, மேலிடத்துக்குப் புகாரும் இல்லை. போலீஸ் வந்தால் இப்படிப் பெட்டியைத் திறந்து காட்டுவார்களா என்ன?

லைஃப் ஜாக்கெட்டில்தான் சிக்கல். ஓடும் படகின் மேல்தளத்தில் 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் அணிந்தே தீர வேண்டும் என்கிறது அந்நாட்டுப் பொது விதி. பெரியவர்களுக்கு, தலைக்கு ஒன்று படகில் இருந்தாலே பெரும்பாலும் போதும். அங்கே படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் அதை அணியாதவர்கள். ‘எப்போதும் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக்கொண்டு, ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, அடுத்த படகுக்குப் போகிறார் அந்த வெள்ளிப் பட்டைக்காரர்.