சமதரை மறைக்கும் பிரேக் பழுது

காரின் பிரேக் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் கைவிடும். பாலமுனை போன்ற கடலோர ஊர்களில் அந்த எச்சரிக்கை எளிதில் தவறிவிடுகிறது. அங்குள்ள கல்முனை–அக்கரைப்பற்று வீதி சமதரை. பாதி பிரேக்கிலும் வண்டி நின்றுவிடும். பண்டாரவளை, எல்ல மலைவீதிகளில் இறங்கும்போதுதான் பழுது வெளிப்படும். அப்போது காலம் கடந்திருக்கும். மிதிக்கும்போது கீச்சென்ற சத்தம் கேட்டால் பெரும்பாலும் பேட் தேய்ந்திருக்கும். இரும்பு உரசும் கரகரப்பு வந்தால் டிஸ்க்கும் அரைபடுகிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்தபடி இருக்கையில் மெல்லக் கீழிறங்கினால் பிரேக் ஒயில் கசிவைத் தேடவேண்டும். கார் ஒரு பக்கம் இழுத்தால் கலிப்பர் இறுகியிருக்கலாம். உப்புக்காற்றில் துரு விரைவாகப் பிடிக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காத டொட் 3 வகை பிரேக் ஒயில், ஈரமேறியபின் 140 பாகையை அண்டியே கொதித்துவிடக்கூடும். ஆவி உண்டானால் பெடலில் பிடிப்பே இராது. இரண்டு ஆண்டுக்கொருமுறை ஒயில் மாற்றுவதும், பேட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் புதிது போடுவதும், மலைப்பயணத்துக்கு முன் கராஜில் நான்கு சில்லையும் கழற்றிப் பார்ப்பதும், குடும்பத்தை ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவரின் கடமை.