கட்டுப் பிரித்த பிறகு



ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் எலும்பு மருத்துவர்களுக்கு ஓய்வே இருக்காது. பாசி பிடித்த முற்றம், சோப்புத் தண்ணீர் வடியாத குளியலறை, அவசரத்தில் தவறிய பேருந்துப் படி. விழுகிறவர் எவரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார். உடம்பின் பாரம் அத்தனையும் உள்ளங்கையில் இறங்க, கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிந்துவிடும். மருத்துவர் சீட்டில் ‘காலிஸ் ஃபிராக்சர்’ என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவைப் பற்றி 1814-இல் எழுதினார். எக்ஸ்ரே வந்தது 1895-இல். தொட்டுப் பார்த்தே இவ்வளவையும் கண்டுகொண்டிருக்கிறார் மனிதர்! எலும்பு கோணலாகக் கூடினாலும், காலம் போகப் போக வலியில்லாமல் கை எல்லாப் பக்கமும் அசையும் என்று ஆறுதலும் சொல்லி வைத்தார்.

அந்த ஆறுதலை நம் வீடுகளில் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறோம். மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ, பிரித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பு. பிரித்த கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செதில் செதிலாக உரியும் தோல், மற்றக் கையைவிட மெலிந்த முன்கை, பூரி மாதிரி உப்பிய விரல்கள். டம்ளரைப் பிடிக்கப் போனால் விரல் மடங்காது. ஆறு வாரம் அசையாமல் கிடந்த மூட்டின் உறை இறுகியிருக்கும். தசைநார்கள் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டியிருக்கும். எலும்பு கூடிவிட்டது, கை இன்னும் கூடவில்லை.

இதில் பாதியைக் கட்டுப் போட்ட நாளிலேயே தவிர்த்திருக்கலாம். “விரலை ஆட்டிக்கிட்டே இருங்கம்மா, தோளையும் தூக்கி இறக்குங்க” என்று மருத்துவர் சொல்லத்தான் செய்கிறார். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில் சொல்வதால் யார் காதிலும் ஏறுவதில்லை. கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நாள் போகிறது. கடைசியில் முறியாத தோளும் சேர்ந்து இறுகிப் போகிறது.

கட்டுப் பிரித்தபின் மருத்துவர் அனுமதித்ததும் செய்யவேண்டியவை எளியவை. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் சிறிது நேரம் கையை வைத்துவிட்டு, முன்கையை மேசைமேல் கிடத்தி, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு மேலும் கீழும் அசைக்கலாம். கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொடலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவதுதான் பலருக்கும் கடைசிவரை சண்டித்தனம் செய்யும். கோயிலில் விபூதிக்குக் கை நீட்டும்போதும் கடையில் சில்லறை வாங்கும்போதும் அதன் அருமை தெரியும். ஒரேயடியாக அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, ஒரு நாளில் பல தடவை ஐந்து ஐந்து நிமிடம் செய்வது மேல். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று பொருள். தைலம் தேய்த்து இன்னொருவர் பலமாக உருவி விடுவது வேண்டவே வேண்டாம்.

பிசியோதெரபிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு வீட்டு வேலையும் கைகொடுக்கும். கீரை ஆய்வது, பூக் கட்டுவது, ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குவது. தோலுக்கும் பருப்புக்கும் நடுவே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்யும் அந்தச் சின்ன அழுத்தம் நல்ல பயிற்சி. துணி பிழிவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் கடைசியில் வரட்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒன்று, கட்டுப் பிரித்த அன்றே இட்லிக் கொப்பரையை இறக்கச் சொல்கிறோம். இல்லையென்றால் ஒரு ஸ்பூனைக்கூடத் தொட விடுவதில்லை. இரண்டுமே கெடுதல்.

மணிக்கட்டு பழையபடி முழுதாக மடங்கவில்லையே என்று சிலர் மாதக்கணக்கில் வருந்துகிறார்கள். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே 40 பாகை, கீழே 40 பாகை அசைந்தால் ஏறக்குறையப் போதும். சோறு பிசையவும், கையெழுத்துப் போடவும், ஜடை பின்னவும் வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

நிம்மதியாக இருக்கக்கூடாத அறிகுறிகளும் உண்டு. கை எரிச்சலெடுத்து, நிறம் மாறி, தோல் பளபளத்தாலோ, இரவில் விரல்கள் மரத்து எழுப்பினாலோ, கட்டைவிரல் திடீரென்று மேலே எழும்ப மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். எலும்பு விலகாத சிறிய முறிவிலும், சில வாரம் கழித்துக் கட்டைவிரல் நாண் அறுந்துபோவது உண்டு.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்ததென்றால், அதுவும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, எலும்பு மெலிந்திருக்க வாய்ப்புண்டு. கவனிக்காமல் விட்டால் அடுத்த முறிவு இடுப்பில் நேரலாம். உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ மாமியாருக்கோ அப்படி நடந்திருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்