பாக் என்ன, துரைமார் எழுதிவைத்த சொத்தா?

"லயத்துப் பிள்ளைகளுக்கு பாக் எதுக்கு?" பழைய ஆர்கன் இசையைப் பற்றி நாங்கள் வாயைத் திறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அதுவும் இரண்டு பக்கமிருந்து. நுவரெலியாவை "குட்டி இங்கிலாந்து" என்று விற்கிறவர்கள் ஒரு பக்கம். "அது துரைமார் பாட்டு, நமக்கு தப்பு போதும்" என்கிற நம்மாட்கள் மறுபக்கம். ரெண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லிடுறோம்.

முதல்ல விற்கிறவர்கள். நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டிக்கோயா வோர்லி கோயில் 1878இல் எழுந்தது. பொகவந்தலாவை சென் மேரிஸ் கோயிலில்தான் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம். வருகிறவர்களுக்கு இவர்கள் காட்டுவது கல்லு, கண்ணாடி, கல்லறை. காடு வெட்டி, ரோடு போட்டு, அந்தத் துரைமாருக்குக் காசு சேர்த்துக் கொடுத்த ஜனங்களைப் பற்றி பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. அங்கே ஆர்கன் என்றால் படத்துக்குப் பின்னால் நிற்கிற ஒரு அழகான சாமான், அவ்வளவுதான்.

இனி நம்மாட்கள். இவர்கள் கோபம் நியாயமானது. 1854இல் தோட்டங்களில் வேதம் சொல்லத் தொடங்கிய அமைப்பின் பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". துரைமாரின் காசும் அதில் இருந்தது. அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனா அந்தக் கோபத்தை பாக் மேல ஏத்துறது ஆள் மாறி அடிக்கிற வேலை.

ஏன்? பாக் ஆர்கனில் விரித்து வாசித்தது அரண்மனைப் பாட்டு இல்லை, கோரல். சபை முழுக்க எழும்பி நின்று பாடுகிற பாட்டு. 16ஆம் நூற்றாண்டில் லூத்தரும் கூட்டாளிகளும் லத்தீனை நம்பி இருக்காமல் ஜனங்கள் பேசிய ஜெர்மனில் இவற்றை எழுதினார்கள். சந்தைக்காரிக்கும் தெரிந்த மெட்டு. அந்த மெட்டைச் சுற்றித்தான் பாக் மற்றக் குரல்களைக் கட்டினார்.

1706ஐ எடுத்துப் பாருங்க. பெப்ரவரியில் ஆர்ன்ஸ்டாட் ஊர்ச் சபை நிர்வாகம் இருபது வயசு பாக்கைக் கூப்பிட்டுக் கண்டித்தது: கோரலுக்குள் புதுப்புது சுரங்களைக் கலக்கிறாய், சபை குழம்பிப் போகிறது என்று. அதே வருஷம் ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். கொஞ்ச வருஷத்துக்குள் அதே கோரல் மரபுப் பாட்டுகள் ஜெர்மன் மெட்டோடு தமிழில் பாடப்பட்டன. நாம் "ஞானப்பாட்டு" என்கிறோமே, அதன் வேர் அங்கேதான். பிறகு திருநெல்வேலியிலிருந்து தோட்டங்களுக்கு வந்த உபதேசிமாரிடம் இங்கிலீஷ் பாட்டு மட்டுமா இருந்தது? நூறு வருஷத்துக்கு மேல் தமிழ் வாயில் கிடந்த பாட்டும் இருந்தது. இதைத்தான் "நம்ம பாட்டு இல்ல" என்கிறோம்!

அந்த மனுஷன் வாழ்க்கையையும் பாருங்க. பத்து வயசுக்குள் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 1717இல் வேலையை விட்டுப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்ததற்காக வைமார் பிரபு அவரை ஏறக்குறைய நாலு வாரம் சிறையில் போட்டார். நம்ம தாத்தாமார் காலத்தில் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை என்று 1865 சட்டம் சொன்னது. கடன் தீர்ந்தது என்ற "துண்டு" கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. பாக்கும் தோட்டத் தொழிலாளியும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் சம்பளமும் மரியாதையும் உள்ள கலைஞர். ஆனா அவரைத் துரை வரிசையில் உட்கார வைக்காதீங்க.

இன்னொன்று. மின்சாரம் வருவதற்கு முன் ஆர்கன் தானாகப் பாடவில்லை. பின்னால் ஆட்கள் துருத்தி மிதித்தால்தான் குழாய்களுக்குக் காற்று. பெரிய ஆர்கனுக்குப் பல பேர் வேண்டும். அவர்கள் பெயர் எந்த இசை வரலாற்றில் இருக்கிறது? தேயிலைப் பெட்டியில் கொழுந்து எடுத்தவள் பெயர் இருக்கிற அளவுக்குத்தான்.

ஃபியூக் என்றால் பயப்படவும் வேண்டாம். ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைத் தொடங்கும். அது சட்ஜத்தில் என்றால் இரண்டாவது குரல் பஞ்சமத்தில் அதே மெட்டைப் பிடிக்கும். முதல் குரல் வாயை மூடாது, வேறு வழியில் பாடிக்கொண்டே போகும். மூன்றாவது வரும், நாலாவது வரும். ஒன்றுக்கு ஒன்று எடுபிடி கிடையாது. இது நமக்குப் புரியாதா?

தப்பை விடச் சொல்லவில்லை. காமன் கூத்தும் வேணும், பாக்கும் வேணும். சாதாரண தரத்துக்கு மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனா எத்தனை தோட்டப் பாடசாலையில் அதைப் படிப்பிக்க ஆள் இருக்கு, ஒரு கீபோர்ட் இருக்கு? "உங்களுக்கு எதுக்கு" என்ற கேள்வியின் நிஜ வேலை இதுதான். ஆசிரியர் கேட்க வேண்டிய வாயை அது முன்கூட்டியே மூடிவிடுகிறது.

எங்கள் குழுவில் முருகன் கும்பிடுகிறவர்களும் வேதக்காரரும் இருக்கிறோம். கேட்பது மதம் இல்லை. வேலை நாளில் பூட்டிக் கிடக்கிற கோயில்களை வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். இசைக்கருவி எதுவோ, அதைத் தொட விடுங்கள். வலயக் கல்வி அலுவலகங்கள் தோட்டப் பாடசாலைகளுக்கும் சங்கீத ஆசிரியர் போடட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். போனில் பாக்கின் "இஷ் ரூஃப் சு டிர்" தேடிக் கேளுங்கள். தர்கோவ்ஸ்கியின் "சோலாரிஸ்" பார்த்தவர்களுக்குக் காது உடனே பிடித்துக்கொள்ளும். மூணு நிமிஷம்கூட வராது, மூன்றே குரல்: மேலே மெட்டு, நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்று, கீழே காலால் வாசிக்கிற அடிக்குரல். கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். நமக்கு இல்லை என்று மட்டும் சொல்லாதீங்க.