கடுகு சிறுத்தாலும்...

தைப்பூசத்திற்காகக் குன்றக்குடியிலிருந்து பழநி நோக்கி நகரத்தார் காவடிகள் புறப்படுவதை நாமறிவோம். அதே தைப்பூசத்திற்கு நாடு முழுதும் விடுமுறை விடும் சின்னஞ்சிறு குடியரசொன்று இந்துமாக்கடலில் இருக்கிறது. அதுதான் மொரீசியஸ்! கைவினைஞராகவும், கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகவும் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கே வாக்குரிமை பெற்ற குடிமக்கள்.

மக்கள் தொகை பன்னிரண்டு இலட்சத்திற்குச் சற்றே அதிகம்; நிலையான இராணுவமும் இல்லை. இத்தகைய நாட்டின் பேச்சு உலக அரங்கில் எடுபடுமா என்று கேட்போர் உண்டு. எடுபட்டது, தோழர்களே!

விடுதலைக்கு மூன்றாண்டு முன்னர், 1965இல், சாகோஸ் தீவுகளை அந்நாட்டினின்றும் துண்டாடியது பிரிட்டன். 1973க்குள் தீவு மக்கள் அனைவரும் விரட்டப்பட்டனர். டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் எழுந்தது.

மொரீசியஸ் வாளை நம்பவில்லை, வழக்கை நம்பிற்று. துண்டாடியது முறையன்று என 2019 பிப்ரவரியில் உலக நீதிமன்றம் கருத்துரைத்தது. அவ்வாண்டு மே திங்களில் ஐ.நா. பொதுப்பேரவையில் மொரீசியசுக்கு ஆதரவு 116 வாக்கு. எதிர்ப்பு ஆறே ஆறு! இந்தியாவும் ஆதரித்தது. 2025 மே 22இல், தீவுகள் மொரீசியசுக்கே உரியவை என ஏற்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையொப்பமிட்டது. ஆயினும் படைத்தளம் 99 ஆண்டுக் குத்தகையில் நீடிக்கவும் அதே ஒப்பந்தம் வழி செய்தது. வல்லரசு கொடுக்கும்போதும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே கொடுக்கிறது!

வெளியே நீதி கேட்கும் நாடு, உள்ளே நீதி வழங்கிற்றா? 1998இல் புதிய பணத்தாளில் தமிழ் எழுத்து, இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது. சிறுபான்மையினரான தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு செவிசாய்த்தது, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அதுவன்றோ மக்களாட்சி!

ஆனால் சாகோஸ் மக்கள்? இரு அரசுகள் பேசிய மேசையில், ஊரிழந்த அவர்களுக்கு இருக்கை இல்லை. "சிறியோர் குரலைக் கேள்" என்று உலகிடம் முறையிட்ட நாடு, தன்னினும் சிறியோர் குரலைக் கேட்டாக வேண்டும்.

மாநில உரிமை பேசும் நமக்கும் இதுவே உரைகல். டில்லியிடம் நாம் கேட்கும் நீதியை, நம் சிற்றூரின் கடைக்கோடிக் குடிசை நம்மிடம் கேட்கிறது. அதற்கு விடை சொன்ன பிறகே நம் முழக்கத்திற்கு வலிமை வரும்!